தொரோங் கணவாயில் தண்ணீர் உறையாமல் இருக்க

நேபாளத்தின் அன்னபூர்ணா மலைநடைச் சுற்றுப்பாதையில் 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தொரோங் லா கணவாய். அக்டோபரில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். விடிகாலைக் குளிரோ பூஜ்யத்துக்கு வெகு கீழே போய்விடும். காலை ஏறஏறக் காற்று வலுக்கும் என்பதால் பலரும் நான்கு மணிவாக்கில் புறப்படுகிறார்கள்.

அந்த நேரத்தில் முதலில் காலை வாருவது தண்ணீர்தான். பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, பையில் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பிலிருந்துதான் உருவாகும். தலைகீழாக இருந்தால் வாய்ப்பக்கம் அடைபடாது. உறிஞ்சு குழாய் வைத்த நீர்ப்பை அங்கே வீண் சுமை, முதலில் உறைவது அந்தக் குழாய்தான். பாட்டிலுக்குப் பழைய கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

தலைவிளக்கின் பேட்டரியையும் கைப்பேசியையும் இரவில் உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும். முந்தைய நாளே தலைவலியோடு குமட்டலும் இருந்தால் ஏறவே வேண்டாம், இறங்கிவிடுங்கள்.

கணவாயைத் தாண்டி 1,600 மீட்டர் இறங்கினால் முக்திநாத். நம் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அதுவே. அந்த இறக்கத்துக்கு முழங்காலைக் காக்க ஊன்றுகோல் இரண்டு தேவைப்படும்.