உங்கள் ஊர்த் தொட்டியில் ஏறுவது எந்தத் தண்ணீர்? கேட்டு, சோதித்து, தீர்மானம் போடுவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் காவிக்கறையைப் பார்த்திருப்பீர்கள். "எங்க ஊர் தண்ணி அப்படி" என்று விட்டுவிடுகிறோம், விடவே கூடாது. தண்ணீரில் இருக்கும் புளூரைடுதான் காரணம், வருடக்கணக்கில் குடித்தால் முட்டியையும் முதுகையும் பிடித்துவிடும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில், காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கியும் வைத்தார்கள். பாதுகாப்பான குடிநீரும் கழிப்பிடமும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010-லேயே தீர்மானம் போட்டிருக்கிறது, அதனால் தயங்காமல் கேளுங்கள்.

முதலில் டேங்க் ஆப்பரேட்டரிடம் போங்கள். "அண்ணா, இன்னைக்கு எந்தத் தண்ணி ஏத்துனீங்க?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒகேனக்கல் தண்ணீர் பற்றாத நாளில் சில ஊர்களில் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றுவார்கள், வாயில் ஊற்றிப் பார்த்தால் புளூரைடு தெரியாது, காய்ச்சினாலும் போகாது, வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

அதனால் சோதனைதான் வழி. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, பெட்டியும் கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் அது யார் என்று மகளிர் குழுவில் விசாரியுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது கண்ணாடி வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நிரப்பி, எந்தத் தெரு, எந்தக் குழாய், தேதி, நேரம் எல்லாவற்றையும் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். தொட்டிக்கு ஒன்று, போருக்கு ஒன்று, தெருக்கடைசி வீட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்தால்தான் கலப்பு எங்கே நடக்கிறது என்று பிடிபடும். புளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பதுதான் இந்தியத் தர அளவு. அதற்கு மேல் வந்தால் அந்தத் தண்ணீரைத் துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள், குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள், ஈறுக்குள் பல் உருவாகும் வயது அது, அப்போது விழுந்த கறை பிறகு தானாகப் போகாது.

ரிசல்ட் கைக்கு வந்ததும் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் இதற்கென்றே அமைந்தது மாதிரி; ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-லும் கூட்டம் உண்டு. வாய்ப்பேச்சாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். "இன்ன தெருத் தொட்டியில் போர் தண்ணீர் கலப்பதை நிறுத்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் காவிரித் தண்ணீர் தர வேண்டும்" என்று எழுதிக்கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வரவில்லையென்றால் அதையும் அதே கூட்டத்தில் சேருங்கள், வயதுக்கு வந்த பிள்ளைகள் அதனாலேயே பள்ளிக்கு லீவு போடுகிறார்கள்.

அசையவில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் தீர்மான நகலோடு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அப்புறம் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில், உங்கள் ஊராட்சிக்கு மாதாமாதம் எத்தனை லிட்டர் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போய், போன தீர்மானம் என்ன ஆச்சு என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.