அரசுக் கடன் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டையில் மாலை வகுப்புக்கு வரும் குரூப் 1 முதன்மைத் தேர்வு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது, எங்கள் காலத்துப் பிழைகளே மறுபடியும் கண்ணில் படுகின்றன. லட்சத்துக்கும் கோடிக்கும் இடையே பூஜ்ஜியத்தைத் தவறவிடுவதை அவர்களே சரிசெய்துகொள்வார்கள். கீழே உள்ளவை அத்தனை எளிதில் போகாதவை.

பற்றாக்குறையையும் கடனையும் குழப்புவது

முன்னது ஓராண்டில் விழும் துண்டு. பின்னது ஆண்டுதோறும் சேர்ந்த பாக்கி.

கடனைத் தலைக்கணக்கில் வகுப்பது

ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் உள்ளதாக 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் வெள்ளை அறிக்கை கூறியது. அதன் பிறகு இந்த எண் இல்லாத கட்டுரை அபூர்வம். "பிறக்கப்போகும் குழந்தையும் கடனாளியே" என்ற வரியும் கூடவே வந்துவிடும். எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்த எண் அல்ல, வகுத்து முடித்ததும் சிந்தனையும் முடிந்துவிடுவதுதான்.

அப்படி எழுதிய மாணவி ஒருத்தியிடம், மணலி ஆலையில் வேலை பார்க்கும் அவள் தந்தையின் பி.எஃப். பணம் எங்கே முதலீடு செய்யப்படுகிறது என்று கேட்டேன், தெரியவில்லை. அதில் கணிசமான பகுதி மத்திய, மாநில அரசுகளின் கடன் பத்திரங்களில் இருப்பதால், அரசுக்குக் கடன் கொடுத்தவர்களில் அவள் குடும்பமும் உண்டு. பக்கத்தில் இருந்த மாணவனின் தாயோ காசிமேட்டில் மீன் விற்பவர், அவருக்குப் பி.எஃப். கிடையாது, ஆனால் வாங்கும் சோப்புக்கும் அவர் செலுத்தும் ஜிஎஸ்டியிலிருந்துதான் அந்தப் பத்திரங்களுக்கான வட்டி போகிறது. நாளைய தலைமுறையிலும் பத்திரங்களைப் பெறுபவர்களும் வரிச்சுமையை மட்டும் பெறுபவர்களும் அருகருகே இருப்பார்கள் என்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது.

கடன் எதற்குச் செலவானது என்பதும் அந்த வகுத்தலில் காணாமல் போகிறது. 2019இல் வண்ணாரப்பேட்டையை எட்டிய மெட்ரோவுக்கான செலவில் பெரும்பங்கு ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்கா தந்த கடன். அதை அடைக்கப்போகும் தலைமுறை அதிலேயே பயணமும் செய்யும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய நடப்புச் செலவுகளுக்கு வரி வருவாய் போதாமல் வாங்கும் கடனுக்கு அந்த ஆறுதல் கிடையாது. 2025-26 மத்திய பட்ஜெட் மதிப்பீட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த ஆண்டில் கடனால் நிரப்ப வேண்டிய மொத்தத் துண்டு, நாட்டு உற்பத்தியில் 4.4 சதவீதம், அதற்குள் நடப்புச் செலவுக்கு வருவாய் போதாத பகுதியான வருவாய்ப் பற்றாக்குறை 1.5 சதவீதம். பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.

மந்தநிலையில் சிக்கனம் போதிப்பது

மந்தநிலையில் வரி வசூல் தானே குறைந்து பற்றாக்குறை விரியும். அதை மூடச் செலவை வெட்டினால், அரசின் செலவு யாரோ ஒருவரின் வருமானம் என்பதால், வசூல் மேலும் சுருங்கும். 2020-21இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறைக்கான 3.5 சதவீத இலக்கு 9.2 சதவீதத்தில் போய் முடிந்தது. இந்திய உணவுக் கழகத்தின் பழைய கடன்களைப் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்ததும் அதில் அடக்கம் என்பதை எவரும் எழுதுவதில்லை. அதேபோல், வளர்ச்சி திரும்பியதும் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்ற மறுபாதியையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

3 சதவீதத்தை இயற்கை விதியாக நினைப்பது

நிதிப் பற்றாக்குறையை நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் வைப்பது என்பது 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டத்தின் வழி வந்த இலக்கு. அதற்கான கெடுவே பலமுறை தள்ளிப்போயிருக்கிறது.