கையைத் தொட்டே படிக்கலாம்: எது நரம்பு, எது நாண், எது எலும்பு

கையில் எங்கே வலித்தாலும் நாம் சொல்வது ஒரே வார்த்தை: நரம்பு. புறங்கையில் நீலமாகப் புடைத்து ஓடுவதும் நரம்பு, மணிக்கட்டில் கயிறு மாதிரி எழும்பி நிற்பதும் நரம்பு, ராத்திரி விரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் அதுவும் நரம்பு. இந்த மூன்றும் வேறு வேறு பொருட்கள், மூன்றுக்கும் வரும் கோளாறு வேறு, வைத்தியமும் வேறு. நீலமாகத் தெரிவது சிரை, அதாவது ரத்தக்குழாய். கயிறு மாதிரி எழும்புவது தசைநாண், தசை இழுக்கும் இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோகும் கயிறுதான் அது. மரத்துப்போன விஷயத்தில் மட்டும்தான் நிஜமான நரம்பு வருகிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள், கைக்குள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளவும் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், இடது கையைத் தொட்டுத் தொட்டுக் குறித்துக்கொண்டே வரலாம்.

முதலில் மூன்றையும் பிரித்துவிடுவோம். இடது கையைத் தொங்கவிட்டு, புறங்கையில் புடைக்கும் நீலக் கோட்டை அழுத்துங்கள், பொதுக்கென்று அமுங்கும். அப்படியே கையைத் தலைக்கு மேலே தூக்கினால் சில நொடிகளில் புடைப்பு வடிந்துவிடும். இது சிரை. இப்போது உள்ளங்கையை மேசையில் பதித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள், விரல்முட்டியிலிருந்து மணிக்கட்டு நோக்கி விறைப்பான கோடுகள் தோலுக்கு அடியில் எழும்பும், விரல் அசைந்தால் அதுவும் அசையும். இது நாண். நரம்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரே ஒரு இடத்தில் எல்லோருக்கும் அது பழக்கம். முழங்கை எங்காவது இடித்தால் சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி ஜிவ்வென்று ஓடுமே, அது முழங்கையின் உள்பக்கம் எலும்புக்குப் பின்னால் பள்ளத்தில் போகும் அல்னார் நரம்பு. அடி பட்டது முழங்கையில், உணர்ந்தது சுண்டுவிரலில். இதை மறக்காதீர்கள், நரம்பு விஷயத்தில் கோளாறு ஓரிடத்திலும் அதன் தொந்தரவு வேறிடத்திலும் இருக்கும்.

மணிக்கட்டின் உள்பக்கம்

பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். நட்டநடுவில் ஒரு நாண் துருத்திக்கொண்டு வரும். இதற்குப் பெயர் பால்மாரிஸ் லாங்கஸ். வரவில்லையா, கவலையே வேண்டாம், கணிசமான பேருக்கு இது பிறவியிலேயே கிடையாது, சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது. இல்லாவிட்டாலும் கை வேலைக்குக் குறைவில்லை என்பதால்தான், வேறு இடத்தில் நாண் அறுந்தவர்களுக்கு ஒட்டுப்போட அறுவை மருத்துவர்கள் பல நேரம் இதை எடுக்கிறார்கள். அதற்குப் பெருவிரல் பக்கமாக இன்னொரு தடித்த நாண் தட்டுப்படும், அதையும் தாண்டி எலும்பின் மேல் விரலை வைத்தால் நாடி துடிக்கும். நாடி கிடைக்காமல் மணிக்கட்டு முழுக்கத் தடவுகிறவர்கள் இந்த வரிசையை நினைவில் வைத்தால் போதும்: நடு நாண், பக்கத்து நாண், அடுத்தது துடிப்பு.

அப்படியே சுண்டுவிரல் பக்கம் போங்கள். மணிக்கட்டு ரேகை முடியும் இடத்தில், உள்ளங்கையின் அடியில், பட்டாணி அளவில் ஒரு எலும்பு இருக்கும், பெயர் பிசிஃபார்ம். மணிக்கட்டைத் தளர்வாக உள்பக்கம் மடக்கிக்கொண்டு அதை இரண்டு விரலால் பிடித்து அசைத்தால் இடமும் வலமும் ஆடும். கையை விறைப்பாக்கினால் ஆடாது, ஏனென்றால் அது ஒரு நாணுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது, நாண் இறுகினால் அதுவும் இறுகிவிடும். மணிக்கட்டில் இருக்கும் 8 சின்ன எலும்புகளில் இப்படித் தெளிவாகக் கையில் பிடிபடுவது இது ஒன்றுதான்.

இனி முக்கியமான இடம். மணிக்கட்டில் இருக்கும் ரேகைகளில் உள்ளங்கைக்கு மிகப் பக்கத்தில் உள்ளதைப் பேனாவால் குறியுங்கள். அங்கிருந்து உள்ளங்கைக்குள் ஒரு தடித்த பட்டை கூரை போட்டிருக்கிறது, அடியில் அந்த 8 எலும்புகள் வளைந்து தரையும் சுவருமாக நிற்கின்றன. இடையில் இருக்கும் சுரங்கத்தில் 9 நாண்களும் ஒரே ஒரு நரம்பும் போகின்றன. விரல்களை மடக்கும் நாண்கள் ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு, ஆக 8, பெருவிரலுக்கு ஒன்று. நரம்பின் பெயர் மீடியன். நாண்களைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் வீங்கினாலும் போச்சு, எலும்பும் விலகாது, பட்டையும் விலகாது, நசுங்குவது நரம்பு மட்டும்தான். கர்ப்ப காலத்திலும், சர்க்கரை நோய், தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கும் இது அதிகம் வருவதுண்டு.

ராத்திரி கை மரத்து, உதறினால் சரியாகிறது என்கிறவர்கள் தங்கள் சுண்டுவிரலைக் கவனியுங்கள். மீடியன் நரம்பு பார்த்துக்கொள்வது பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் நடுவிரலைப் பார்த்த பாதி. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறு பாதியும் அல்னார் நரம்பின் பொறுப்பு. ஆகவே மோதிர விரலின் இரண்டு பக்கங்களையும் மாறி மாறித் தடவிப் பாருங்கள். நடுவிரல் பக்கம் மட்டும் மந்தமாக இருந்தால் சந்தேகம் இந்தச் சுரங்கத்தின் மேல், சுண்டுவிரல் பக்கம் மந்தமாக இருந்தால் பெரும்பாலும் முழங்கையைக் கவனிக்க வேண்டும். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்க மணிக்கட்டை மடக்கி 60 நொடிகள் பிடித்திருங்கள், அதற்குள் பெருவிரல் பக்கத்து விரல்கள் மரத்தால் அதுவும் ஒரு சாட்சி. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக வைத்திருக்கும் பட்டை போட்டாலே பலருக்கு ஆரம்பக் கட்டத்தில் குறைந்துவிடும். பெருவிரல் அடிச்சதை வற்றித் தட்டையாகத் தொடங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், தசைக்குப் போகும் நரம்பு இழைகளும் கெட ஆரம்பித்துவிட்டன என்று பொருள்.

பெருவிரல் பக்கத்துக் குழி

கையைப் பக்கவாட்டில் நிறுத்தி, லிஃப்ட் கேட்பது போலப் பெருவிரலை நன்றாகப் பின்னால் விரியுங்கள். பெருவிரல் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில், இரண்டு நாண் விளிம்புகளுக்கு நடுவே ஒரு குழி விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியைக் கொட்டி உறிஞ்சிய இடம் என்பதால் உடற்கூறியலில் இதன் பெயரே மூக்குப்பொடிக் குழிதான். இந்தக் குழியின் தரையில் இருப்பது ஸ்கேபாய்டு என்ற எலும்பு. விரலைக் குழியில் வைத்துக்கொண்டே கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் அது விரலடியில் வந்து முட்டும்.

இந்த எலும்பைப் பற்றி நான் இவ்வளவு அக்கறையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் படியில் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்றார்கள், நானும் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். வீக்கம் வடிந்தது, வலி மட்டும் அந்தக் குழியை விட்டுப் போகவே இல்லை. மறுபடி படம் எடுத்தபோதுதான் ஸ்கேபாய்டில் விரிசல் தெரிந்தது, அதன்பிறகு மாதக்கணக்கில் கட்டு. இந்த எலும்பு உடைந்த புதிதில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். இதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகத்தான் நுழைகிறது, நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமில்லாமல் கிடக்கும், கவனிக்காமல் விட்டால் செத்தே போகலாம். அதனால் கை ஊன்றி விழுந்தால் குழியை அழுத்திப் பாருங்கள், பிறகு மறு கையிலும் அதே அளவு அழுத்துங்கள், ஏனென்றால் பலமாக அழுத்தினால் நல்ல கையிலும் கொஞ்சம் வலிக்கும். அடிபட்ட பக்கம் தெளிவாக அதிகம் வலித்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டுமா, ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள், அதுவரை கட்டோடு இருங்கள்.

விரல்கள்

விரலை மடக்கி நீட்டும் தசை ஒன்றுகூட விரலுக்குள் இல்லை. நம்பாவிட்டால் வலது கையால் இடது முன்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது விரல்களை ஆட்டுங்கள், தசை உருளுவது அங்கேதான். மீதித் தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. நாண்கள் மணிக்கட்டைத் தாண்டிப் போவதால் மணிக்கட்டின் நிலை விரலின் பலத்தையே மாற்றும். பேனாவை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை முழுக்க உள்ளே மடக்கிக்கொண்டு யாரையாவது பேனாவைப் பிடுங்கச் சொல்லுங்கள், சுலபமாக வந்துவிடும். மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் வளைத்துப் பிடித்தால் பிடுங்குவது கஷ்டம். கனமான எதையும் தூக்கும்போது இந்த நிலை நினைவிருக்கட்டும்.

இப்போது வெட்டுக்காயம். கத்தி விரலின் உள்பக்கம் பட்டால் ரத்தம் நின்றதும் இரண்டு சோதனை செய்யுங்கள். விரலின் நடுத்துண்டை அசையாமல் பிடித்து, நுனி மூட்டை மட்டும் மடக்கப் பாருங்கள், இது ஆழத்தில் உள்ள நாண். அடுத்து மற்ற விரல்களை நேராகப் பிடித்துக்கொண்டு அந்த விரலை மட்டும் மடக்குங்கள், நடு மூட்டு மடங்கும், நுனி தொளதொளவென்று கிடக்கும், இது மேலே உள்ள நாண். சுண்டுவிரலில் மட்டும் நல்ல கையிலேயே சிலருக்கு இது தனியாக மடங்காது, மறு கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். காயம் அரை அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள், ஒரு மூட்டு மடங்கவில்லை என்றாலோ நுனி மரத்திருந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். அறுந்த நாணைத் தசை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், நாள் தள்ளத் தள்ள முனையைக் கண்டுபிடித்துத் தைப்பது சிரமமாகிவிடும்.

விரல்களை நீட்டி அகல விரியுங்கள், விரியும். முஷ்டி பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் விரிக்கப் பாருங்கள், அநேகமாக அசையாது. விரல்முட்டி மூட்டின் இரண்டு பக்கத்துத் தசைநார்களும், அதாவது எலும்பை எலும்போடு கட்டும் பட்டைகளும், மடக்கும்போது இறுகி, நீட்டும்போது தளரும். கையில் கட்டுப்போடும்போது பெரும்பாலும் இந்த மூட்டை மடக்கியே வைப்பது இதனால்தான், நீட்டியே வாரக்கணக்கில் வைத்தால் தளர்ந்த தசைநார் அப்படியே சுருங்கி, பிறகு முஷ்டி பிடிக்கவே வராது.

எலும்புக் கணக்கு சுலபம்: விரல்களில் 14, பெருவிரலுக்கு மட்டும் 2, மற்றவற்றுக்கு மும்மூன்று. உள்ளங்கையில் 5, மணிக்கட்டில் 8, மொத்தம் 27. முஷ்டி பிடித்தால் துருத்தும் முட்டிகள் உள்ளங்கை எலும்புகளின் தலைகள், விரல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. உள்பக்கம் விரல் தொடங்குவதாகத் தெரியும் ரேகை உண்மையில் விரலின் முதல் எலும்புக்கு நடுவில் விழுகிறது, அதனால்தான் புறங்கையில் பார்த்தால் விரல் நீளமாகவும் உள்ளங்கையில் பார்த்தால் குட்டையாகவும் தெரிகிறது.

கையில் எந்த இடத்தில் அடிபட்டாலும் முதல் வேலையாக மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். அப்புறம் வலிக்கும் புள்ளியைப் பேனாவால் குறியுங்கள், மரத்த இடத்தைச் சுற்றி வரையுங்கள், எந்த மூட்டு எந்த அசைவில் வலிக்கிறது என்று பாருங்கள். டாக்டரிடம் நரம்பு இழுக்கிறது என்று சொல்வதற்குப் பதில் அந்தக் கையை அப்படியே நீட்டுங்கள்.