ஹட்யாய்க்குக் கார் எடுக்கும் முன்

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குக் காரில் போவது எங்கள் வீட்டு வழக்கம். வீட்டுக்காரருக்கு முதுகுவலி. அதனால் சிங்கப்பூர் யீஷூனிலிருந்து பினாங்கு வரை ஸ்டியரிங் என் கையில்தான். ஒவ்வொரு முறையும் பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்: "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே ஹட்யாயும் பாத்துட்டு வந்துடலாமே." ஹட்யாய், தெற்குத் தாய்லாந்தில் மலேசிய எல்லைக்குப் பக்கத்து ஊர். முதல் தடவை போனபோது 4,000 பாத் தண்டம் அழுதுவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் காரின் காப்புறுதித் தாளை முழுதாகப் படித்தேன். சிங்கப்பூர் காரில் தாய்லாந்து எல்லை தாண்டப் போகிறவர்களுக்காக நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் பாலிசியை எடுத்து, எந்தெந்த இடத்தில் செல்லும் என்ற வரியைத் தேடுங்கள். சிங்கப்பூரின் தனியார் கார் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் வாசகத்தின் சாரம் இது: சிங்கப்பூர், மேற்கு மலேசியா, அப்புறம் மேற்கு மலேசிய எல்லையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் தாய்லாந்துப் பகுதி. மலேசியாவுக்குள் இந்தக் காப்புறுதியே போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஹட்யாய் எல்லையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருப்பதால் தப்பித்தது. கிராபி, புக்கெட் எல்லாம் கோட்டுக்கு வெளியே. "ஹட்யாய் வரை வந்தாச்சு, கிராபி கடற்கரை நாலு மணி நேரம்தானே" என்று சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். அந்த நாலு மணி நேரத்தில் உங்கள் காப்புறுதி எந்த இடத்தில் உங்களை விட்டு இறங்கிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியாது. சொங்க்லா கடற்கரை கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. அங்கே போவதாக இருந்தால் காப்புறுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். தொலைபேசியில் "ஓகே மேடம்" என்று சொல்வதை நாளைக்கு நிரூபிக்க முடியாது. நான் பதிலை அச்செடுத்து டேஷ்போர்டில் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது, யார் ஓட்டுகிறார்கள் என்பது. இந்த வருடம் திருச்சியிலிருந்து என் தம்பி வந்திருந்தான். "அக்கா, நீ தூங்கு, நான் பாத்துக்குறேன்" என்று சாவிக்குக் கை நீட்டினான். இங்கே இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சட்டப்படி ஓட்டலாமா என்பது ஒன்று. அவன் ஓட்டும்போது இடித்தால் காப்புறுதி கொடுக்குமா என்பது வேறு. முதலாவது ஊரிலேயே முடிய வேண்டிய வேலை. ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும். ஒரு வருடம் செல்லும். அது அசல் உரிமத்துக்குத் துணைதான், தனியாகச் செல்லாது. இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூர் உரிமம் வைத்திருக்கும் எனக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆசியான் நாடுகள் ஒன்றின் உரிமத்தை இன்னொன்று ஏற்றுக்கொள்வதாக 1985-இலேயே ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்குப் பதில் பாலிசியில்தான் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின வாரம் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். தம்பியின் வயது, உரிமம் வாங்கி எத்தனை வருடம், இதற்கு முன் விபத்து உண்டா என்று கேட்டார்கள். பெயரைச் சேர்க்காமல் ஓட்டினால் என் பாலிசியில் எக்ஸஸ், அதாவது நம் கையிலிருந்து முதலில் போடவேண்டிய தொகை, 600 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 1,100 வெள்ளியாக ஏறிவிடும். பெயரைச் சேர்த்துவிட்டேன். அவன் மலேசியாவில் மூவாரிலிருந்து ஆயர் குரோ வரை ஓட்டினான். முந்தும் ஒவ்வொரு வண்டிக்கும் ஹாரன் அடித்ததைத் தவிர வேறு குறை இல்லை. தாய்லாந்தில் மட்டும் அவனுக்குச் சாவி கொடுக்கவில்லை. அது என் பிடிவாதம், சட்டமல்ல.

ஜோகூரைக் கடப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும். மலேசியாவின் விஇபி, அதாவது வெளிநாட்டு வண்டிக்கான நுழைவு அனுமதி, ஒட்டுச்சில்லு கண்ணாடியில் இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். பெட்ரோல் நிலையத்தில் மஞ்சள் குழாய் பக்கம் போகாதீர்கள். அதில் வரும் ரான்95 வகைப் பெட்ரோல் உள்ளூர்க்காரர்களுக்கு, நமக்கு ரான்97.

மலேசியாவில் இடித்துக்கொண்டால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுக்க வேண்டும். சிங்கப்பூர்க் காப்புறுதி நிறுவனத்துக்கும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும், எவ்வளவு சின்னக் கீறலாக இருந்தாலும் சரி. நெடுஞ்சாலையில் கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லாரியில் காரை ஏற்றவிடாதீர்கள். அது எந்தப் பட்டறைக்குப் போகும் என்பது உங்கள் கையில் இருக்காது. நிறுவனத்தின் அவசர எண்ணையோ நெடுஞ்சாலைக்காரர்களையோ கூப்பிடுங்கள்.

இனி தாய்லாந்து. அங்கே நுழையும் எந்த வெளிநாட்டு வண்டியும் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியை வாங்கித்தான் ஆக வேண்டும். 1992-ஆம் வருடச் சட்டம் அது. தாய் மொழிச் சுருக்கத்தை வைத்து எல்லோரும் 'போ-ரோ-போ' என்றே சொல்கிறார்கள். உங்கள் சிங்கப்பூர் பாலிசி 80 கிலோமீட்டர் வரை வந்தாலும் இதற்கு விலக்கு கிடையாது. மலேசிய எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஹீத்தாம் போகும் வழியில் சங்லூனில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. கார்ப் பதிவு விவரத்தாளையும் கடப்பிதழையும் நீட்டினால் காப்புறுதி, சுங்கப் படிவம் எல்லாம் அவர்களே தட்டச்சு செய்து கொடுத்துவிடுவார்கள். தாய்லாந்தின் மின்னிலக்க வருகை அட்டையை மட்டும் வீட்டிலேயே, பயணத்துக்கு முந்தின மூன்று நாளுக்குள், இணையத்தில் நிரப்பிவிடுங்கள். சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் காருக்கான சர்வதேசப் போக்குவரத்து அனுமதியும் வாங்கி வைத்துக்கொண்டேன். கார் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதமும் வேண்டும்.

கடைக்காரர் தாளை நீட்டியதும் மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். பதிவெண், சேசிஸ் எண் இரண்டையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தேதி பௌத்த ஆண்டில் இருக்கலாம். 543 கூட்டிக்கொள்ளுங்கள்: 2026 என்பது அங்கே 2569. முடிவு நேரத்தையும் பாருங்கள். என் தாளில் கடைசி நாள் 16.30 மணி என்று இருந்தது. இரவு வரை கடைத்தெரு சுற்றிவிட்டு எட்டு மணிக்குத் திரும்பலாம் என்று நினைத்திருந்தேன். அந்த மூன்றரை மணி நேரத்துக்கு என்னிடம் காப்புறுதியே இருந்திருக்காது. ஒரு நாள் கூட்டி வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த 4,000 பாத் கதை. ஹட்யாய் கிம்யோங் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் காரைப் பின்னால் எடுக்கும்போது, நின்றிருந்த பிக்கப் வண்டியின் கதவில் என் பின் மூலை உரசிவிட்டது. முழுக்க என் தவறு. பழம் விற்கும் பையனுடைய வண்டி. அவன் கத்தவில்லை, கைப்பேசியை எடுத்து யாரிடமோ பேசினான். பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். அவனுடைய காப்புறுதி நிறுவனத்தின் ஆய்வாளர். அங்கே விபத்து நடந்த இடத்துக்கே ஆள் வந்துவிடுவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். படம் எடுத்தார், அளந்தார், என்னிடம் கை நீட்டினார். நான் பெருமையாகப் போ-ரோ-போ தாளைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். அப்புறம் கதவின் நெளிவைத் தொட்டுத் தலையை ஆட்டினார். மனிதருக்கு உண்டு, தகரத்துக்கு இல்லை. இதைவிடத் தெளிவாக எந்தச் சிற்றேடும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தத் தாள் உடலுக்கு மட்டும்தான். தவறு உங்கள் மேல் இல்லையென்றால் சிகிச்சைக்கு 80,000 பாத் வரை, உயிர்போனால் 5 லட்சம் பாத். தவறு யார்மேல் என்று தீர்மானம் ஆகும் முன்பே சிகிச்சைக்கு 30,000 வரையும் இறப்புக்கு 35,000-உம் முதற்கட்டமாகக் கொடுப்பார்கள். தவறு செய்த ஓட்டுநருக்கு அந்த முதற்கட்டத் தொகையோடு சரி. பெரிய மருத்துவமனைச் செலவுக்கு அது போதாது என்பதால் பயணக் காப்புறுதியும் எடுத்துவிடுங்கள்.

சரி, கதவுக்கு என்ன வழி? தெருவோரத்தில் நின்றபடியே சிங்கப்பூரைக் கூப்பிட்டேன். 80 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறீர்கள், எதிர்த்தரப்பு இழப்பீடு கோரினால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் கோரிக்கை என்று பதிவானால் என் என்சிடி, அதாவது விபத்தில்லாத வருடங்களுக்கான கழிவு, 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கிவிடும். என் பாலிசியின் முழு விலை அப்போது 1,800 வெள்ளி. கழிவு போக 900 கட்டிக்கொண்டிருந்தேன். 20 சதவீதக் கழிவென்றால் 1,440. அடுத்த வருடம் 1,260, அதற்கடுத்து 1,080. பழையபடி 900-க்கு வருவதற்குள் மொத்தம் 1,080 வெள்ளி கூடுதலாகப் போகும். பையன் கேட்டது 4,000 பாத், நம் காசுக்கு 150 வெள்ளி சொச்சம். கைப்பேசிக் கணிப்பானை மூடிவிட்டுப் பணத்தை எண்ணிக்கொடுத்தேன். ஆய்வாளர் தாய் மொழியில் நாலு வரி எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டோம், அதைப் படமெடுத்துக்கொண்டேன். மறுநாள் சிங்கப்பூர் நிறுவனத்துக்குத் தகவலாக மட்டும் தெரிவித்தேன். தகவல் சொல்வதால் என்சிடி குறையாது, மறைத்தால்தான் வம்பு. நாளைக்கு அந்தப் பையன் மனம் மாறினால் நிறுவனம் என்னைக் கைவிட அதுவே காரணமாகிவிடும்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் இந்தக் கையில் கொடுத்து முடிக்கும் யோசனையே கூடாது. 1669 ஆம்புலன்ஸ், 1155 சுற்றுப்பயணிகளுக்கான போலீஸ். இரண்டாவதில் ஆங்கிலம் புரிந்துகொள்வார்கள்.

அந்தப் பயணத்துக்கு அப்புறம் சங்லூன் கடையில் போ-ரோ-போவோடு நிறுத்துவதில்லை. பிறர் வண்டிக்கும் பொருளுக்கும் சேர்த்துத் தாய்லாந்துக் காப்புறுதி தனியாக விற்கிறார்கள், கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். என் சிங்கப்பூர் பாலிசி இருக்கும்போது இது வீண் செலவு என்று வீட்டுக்காரர் சொல்வார். தெருவில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் உள்ளூர் ஆய்வாளர் என் பக்கமும் ஒருவர் இருக்கட்டும் என்பது என் கணக்கு.

கடைசியாக ஒரு தாள். சடாவ் எல்லையில் தாய்லாந்துச் சுங்கம் காரைத் தற்காலிகமாக உள்ளே விட்டதற்குக் கொடுப்பது. அதில் காரை எந்தத் தேதிக்குள் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று இருக்கும். தாண்டினால் அபராதம். வெளியேறும்போது சுங்கக் கூண்டில் அதைக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். குடிநுழைவு முத்திரை விழுந்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் நேராக மலேசியப் பக்கம் ஓட்டிவிடுவார்கள். சென்ற முறை நானும் அப்படித்தான் கிளம்பினேன். பின்சீட்டில் மாம்பழ ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த தம்பிதான், "அக்கா, இந்தத் தாளை யாரும் வாங்கலையே" என்றான். காரை ஓரங்கட்டிவிட்டு நடந்தே கூண்டுக்குத் திரும்பிப் போனேன்.