விபத்தில் உயிரிழப்பு: நஷ்ட ஈட்டு வழக்கில் குடும்பங்கள் கோட்டை விடும் இடங்கள்

இந்தியாவில் சாலை விபத்தில் ஒருவர் இறந்துபோனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவின்படி அவருடைய குடும்பம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நஷ்ட ஈடு கேட்கலாம். எவ்வளவு கிடைக்கும் என்பது வக்கீலின் வாதத்தை மட்டும் பொறுத்ததல்ல. காரியம் முடிந்த முதல் சில மாதங்களில் எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தினார்கள், எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதிலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

முதல் தவறு, “போலீஸ் கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று உட்கார்ந்திருப்பது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போயிருக்கிறது என்பதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். தவிர, குற்றவியல் வழக்கு வேறு, இது வேறு. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தாலே போதும். டிரைவர் அங்கே விடுதலையானார் என்பதற்காக இங்கே மனு தானாகத் தள்ளுபடி ஆகிவிடாது.

அடுத்தது அவசரக் கையெழுத்து. யார் மீது தவறு என்று பார்க்காமலே 5 லட்சம் கொடுக்க 164-வது பிரிவு வழி செய்கிறது. கைச்செலவுக்கே வழியில்லாத நேரத்தில் அது பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி வழியாக அதை ஏற்றுக்கொண்டால் 166-இன் கீழ் போட்ட மனு காலாவதியாகிவிடும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இறந்தவருக்கு 34 வயது, சொந்தத் தொழில், மாதம் 20,000 வருமானம் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 28,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 21,000, வருடத்துக்கு 2,52,000. இந்த வருடத் தொகையை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பதே பெருக்கெண்; அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பு (2009) சொல்லும் பெருக்கெண் 16. மொத்தம் 40,32,000. இதற்கு மேல் இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை முதலியவை தனி.

இதே குடும்பத்திடம் வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, தீர்ப்பாயம் உத்தேசமாக 12,000 எடுத்துக்கொள்கிறது என்றால் தொகை 24,19,200 ஆகிவிடும். பதினாறு லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது. வருமான வரி தாக்கல், பேங்க் பாஸ்புக், ஜிபே வரவுகள், ஜிஎஸ்டி, சரக்கு வாங்கிய பில், முதலாளி நேரில் வந்து சொல்லும் சாட்சியம் என எது இருந்தாலும் திரட்டுங்கள். சம்பளச் சான்றிதழை மட்டும் நீட்டிவிட்டு, அதைக் கொடுத்தவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிற அசட்டுத்தனம்.

வயதும் அப்படித்தான். 39 வயதுக்காரரை எஃப்ஐஆரில் “சுமார் 41” என்று எழுதி, அதுவே நிலைத்துவிட்டால், எதிர்கால உயர்வுக்காகக் கூட்டும் சதவீதம் 40-லிருந்து 25-ஆகவும் பெருக்கெண் 15-லிருந்து 14-ஆகவும் இறங்கும். மேலே சொன்ன வருமானத்துக்கு இது 6,30,000 நஷ்டம். பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். ஆதார் பிறந்த தேதிக்கான ஆதாரம் ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“வீட்டில் சும்மா இருந்தவங்கதானே” என்று இல்லத்தரசியின் மரணத்துக்கு வழக்கே போடாத குடும்பங்களும் உண்டு. அவருடைய உழைப்புக்கும் உத்தேச வருமானம் கணக்கிட்டு, எதிர்கால உயர்வும் சேர்க்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டுப் பணம் வந்ததை மறைக்கவும் வேண்டாம்; அது நஷ்ட ஈட்டில் கழிக்கப்படாது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் தனித் திட்டத்தில் 2 லட்சம் கேட்கலாம்.

சில வாரம் சிகிச்சையில் இருந்து இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று உடலை வாங்கிப் போவதும் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். “விபத்தால் சாகவில்லை, நோயால் செத்தார்” என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து கேட்கும் புரோக்கரைத் தள்ளி வையுங்கள். கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் என்றால், கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு குறைவாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றம் போக 90 நாள் இருக்கிறது.