ஹாஸ்கெல் நிறுவ ஜிஎச்சிஅப் போதும்

உபுண்டு, டெபியனில் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி வேண்டும் என்றதும் கை தானாக அவற்றின் பேக்கேஜ் கருவியான ஏபிடிக்குத்தான் போகும். போக விடாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் பழைய ஜிஎச்சி (ஹாஸ்கெலின் கம்பைலர்), எடிட்டருக்கான துணைக்கருவியோடு ஒத்துப்போகாமல் பிறகு இழுத்தடிக்கும். ஜிஎச்சிஅப் என்ற நிறுவி வழியாகப் போட்டால் கம்பைலர், ப்ராஜெக்டைக் கட்ட உதவும் கபால், ஸ்டாக், எடிட்டருக்குத் துணையான ஹாஸ்கெல் லாங்குவேஜ் சர்வர் நான்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், வேண்டாத பதிப்பைத் தூக்குவதும் சுலபம்.

லினக்ஸ் என்றால் முதலில் பில்ட்-எசென்ஷியல், கர்ல், ஜிஎம்பி என்ற பெரிய எண்களுக்கான லைப்ரரியின் டெவ் பேக்கேஜ் இவற்றை ஏபிடியில் போட்டுவிடுங்கள் (இதற்கு மட்டும் ஏபிடி சரி). ஜிஎம்பி இல்லாவிட்டால் ஜிஎச்சி நன்றாக இறங்கிவிட்டதுபோலவே இருக்கும், முதல் நிரலை கம்பைல் பண்ணும்போதுதான் நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கர் அதைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிடும், காரணம் புரியாமல் மண்டை காயும். மேக்கில் எக்ஸ்கோட் கமாண்ட் லைன் டூல்ஸ் போதும்.

அப்புறம் ஹாஸ்கெல் தளத்தின் ஜிஎச்சிஅப் பக்கத்திலிருக்கும் ஒற்றை வரிக் கட்டளையை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுங்கள். ரூட்டாக வேண்டாம், உங்கள் சாதாரணக் கணக்கே போதும். விண்டோஸிலும் அப்படித்தான், அட்மின் அல்லாத பவர்ஷெல். அங்கே லினக்ஸ் பாணிக் கருவிகள் அடங்கிய எம்சிஸ்2-வும் சேர்ந்து இறங்குவதால் நேரம் பிடிக்கும், பாதியில் மூடிவிடாதீர்கள். எல்லாம் சேர்ந்து சில ஜிபி இடம் பிடிக்கும்.

நடுவில் கேள்விகள் வரும். பாத் (டெர்மினல் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) பற்றிக் கேட்டால் என்டர் தட்டினால் போதும். லாங்குவேஜ் சர்வர் வேண்டுமா என்ற இடத்தில் மட்டும் கவனம், அங்கே என்டர் தட்டினால் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளும், அதனால் ஒய் அழுத்துங்கள். முடிந்ததும் டெர்மினலை மூடித் திறங்கள், இல்லாவிட்டால் ஜிஎச்சி என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும்.

புதிய பதிப்பு வந்துவிட்டதே என்று உடனே தாவ வேண்டாம். டெர்மினலில் ஜிஎச்சிஅப் டியூஐ என்று கொடுத்தால் வரும் பட்டியலில் 'ரெகமெண்டட்' என்று குறித்திருக்கும் ஜிஎச்சியையே வைத்துக்கொள்ளுங்கள். லாங்குவேஜ் சர்வர் எல்லா ஜிஎச்சியோடும் வேலை செய்யாது. எடிட்டரில் டைப் காட்டவில்லை, பிழைக்கோடு வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரி, ஒவ்வொரு வரியாகத் தட்டி உடனே விடை பார்க்க உதவும் ஜிஎச்சிஐ திறந்து பார்ப்போம். ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டச் சொன்னால் 5050 வரும். தமிழையும் தட்டிப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் தமிழ் என்று மட்டும் கொடுத்து என்டர் தட்டினால் "\2980\2990\3007\2996\3021" என்று எண்களாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், எதுவும் உடையவில்லை: ஜிஎச்சிஐ ஒரு மதிப்பைக் காட்ட 'ஷோ' ஃபங்ஷனைத்தான் பயன்படுத்துகிறது, அது ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்துகளை யூனிகோட் எண்ணாக மாற்றிவிடும். அதே சொல்லை 'புட்ஸ்டர்எல்என்' மூலம் அச்சிட்டால் தமிழாகவே வரும். விண்டோஸில் அப்போதும் குழப்பினால் கன்சோலின் கோட் பேஜை (எழுத்துகளைக் காட்டும் குறியீட்டு முறையின் எண்) 65001 ஆக்குங்கள். வெளியேற முக்காற்புள்ளியும் க்யூவும்.

எடிட்டருக்கு விஎஸ் கோடில் ஹாஸ்கெல் எக்ஸ்டென்ஷன் போதும். டெர்மினலில் ஒரு காலி ஃபோல்டருக்குள் போய் கபால் இனிட், பிறகு கபால் ரன் என்று கொடுங்கள். நிரல் ஓடினால், அந்த ஃபோல்டரையே எடிட்டரில் திறங்கள். உள்ளே இருக்கும் ஒரு ஃபைலை மட்டும் தனியாகத் திறந்தால் லாங்குவேஜ் சர்வருக்கு எந்தெந்த லைப்ரரி சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் இல்லாத பிழைகளையெல்லாம் காட்டும்.