உணவையும் உடற்பயிற்சியையும் குறித்து வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடையைக் குறைக்க முனைந்து, உண்பதையும் உடற்பயிற்சியையும் அன்றாடம் குறித்து வைக்கத் தொடங்கியவர்கள் தங்கள் கணக்கை என்னிடம் காட்டும்போதெல்லாம், என் பழைய குறிப்பேட்டையே புரட்டுவது போல இருக்கிறது. ஒருநாள் எழுத மறப்பது போன்றவை தாமாகவே சரியாகிவிடும். எளிதில் கண்ணில் படாதவற்றைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

செலவான கலோரியைத் திரும்ப உண்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். ஒருவருடைய குறிப்பில் "மாலை நடை, ஒரு மணி நேரம், 350 கலோரி" என்றும், அதற்கு நேர் கீழே "இரவில் கூடுதலாக உண்டது, 350 கலோரி" என்றும் இருந்தன. கணக்கு நேராகிவிட்டது என்பது அவர் எண்ணம். தேவையைவிட நாளுக்கு 300 கலோரி குறைவாக உண்ணத் திட்டமிட்டிருந்த அவருக்கு, எடை ஏன் அசையவே இல்லை என்பது விளங்கவில்லை.

அந்த 350 கைக்கடிகாரம் காட்டிய எண். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் சற்று விரைவாக நடந்தால் சுமார் 245 கலோரி செலவாகும். அதிலும் ஏறக்குறைய 70 கலோரி, அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 175 மட்டுமே. 350ஐ உண்டதால் திட்டமிட்ட 300இல் எஞ்சியது 125. சமையலில் எழுதாமல் விட்ட ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அதையும் விழுங்கிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரிச் செலவிலோ, இருப்பதிலேயே துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. செயலியில் முதல் நாளே "நடமாட்டம் மிகுந்தவர்" என்று தேர்ந்தெடுத்திருந்தால், அன்றாட இலக்கிலேயே பயிற்சியின் பங்கு சேர்ந்துவிடுகிறது. பிறகு நடையையும் தனியே சேர்த்தால் ஒரே உழைப்பை இருமுறை எண்ணுகிறோம். இதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், அடுத்து வருபவரின் குறிப்பிலும் அதே வரி நிற்கிறது. பயிற்சியின் நேரத்தை எழுதுங்கள், தூரத்தை எழுதுங்கள்; அதன் கலோரியை உணவுக் கணக்கோடு கலக்காதீர்கள். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கும் கடும் பயிற்சி செய்பவர்களுக்கும் மட்டும் இது பொருந்தாது. அவர்கள் கூடுதலாக உண்டே ஆக வேண்டும்.

எண்ணெயைக் கண்ணால் அளப்பது

ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

வெந்ததை வேகாததன் கணக்கில் எழுதுவது

தானியம் வேகும்போது நீரை இழுத்து இரண்டு, மூன்று மடங்கு எடை கூடும், கலோரி கூடாது. எந்த நிலையில் எடை போட்டீர்களோ, அந்த நிலைக்குரிய எண்ணையே எடுங்கள்.

ஒரே நாள் எடையைக் கண்டு கலங்குவது

உப்பு மிகுந்த உணவும் புதிதாகத் தொடங்கிய பயிற்சியும் உடலில் நீரைத் தேக்கும் என்பதால், ஒரே இரவில் ஒரு கிலோ ஏறுவதும் இயல்பே. அதைக் கொழுப்பென்று எண்ணி மறுநாள் பட்டினி கிடப்பவர்கள் அதற்கடுத்த நாள் மிகையாக உண்டுவிடுகிறார்கள். ஏழு நாள் சராசரியை முந்தைய வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

இரவில் நினைவிலிருந்து எழுதுவது

எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை என்றவர்களை ஆராய்ந்து, 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. உணவைத் தட்டில் வைத்ததும், முதல் வாய் உண்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.